போட்ஸ்வானா வைரமும் சாம்பியா செம்பும்: சுரங்கம் கைக்கு வந்தால் மட்டும் போதுமா?

கரிசல்காடு

வணக்கம். டி பியர்ஸ் வைர நிறுவனத்தில் தனக்குள்ள 85 சதவீதப் பங்கிலிருந்து விலகப்போவதாக ஆங்கிலோ அமெரிக்கன் 2024 மே மாதம் அறிவித்தது. மீதி 15 சதவீதம் போட்ஸ்வானா அரசிடம் இருக்கிறது. பெரும்பான்மைப் பங்கை நாமே வாங்கவேண்டும் என்று அந்நாட்டு அதிபர் டுமா போகோ வெளிப்படையாகவே பேசிவருகிறார். வாங்கலாமா, வேண்டாமா? அதைப் படித்ததிலிருந்து மனதில் ஓடுவதை இங்கே வைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வெட்டியும் பேசலாம், ஒட்டியும் பேசலாம்.

போட்ஸ்வானாவும் சாம்பியாவும் அண்டை நாடுகள். நடுவில் சாம்பேசி ஆறு. முன்பு படகில் லாரிகளை ஏற்றிக் கடத்துவார்கள், 2021-ல் கசுங்குலாவில் பாலம் திறந்தாகிவிட்டது. 1964-ல் சாம்பியா சுதந்திரம் பெற்றபோது அதன் செம்புச் சுரங்கங்கள் உலகம் அறிந்தவை. இரண்டு வருடம் கழித்து போட்ஸ்வானா சுதந்திரம் பெற்றபோது அங்கே இருந்தது 12 கிலோமீட்டர் தார்ச்சாலை, 22 பட்டதாரிகள், நிறைய மாடுகள். இன்று தனிநபர் வருமானத்தில் போட்ஸ்வானா பல மடங்கு மேலே இருக்கிறது. சாம்பியா 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் கடன் தவறியது.

"அங்கே நல்ல தலைவர் கிடைத்தார், இங்கே கிடைக்கவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். போட்ஸ்வானாவின் முதல் அதிபர் செரெட்சே காமா நல்ல தலைவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் செய்தது என்ன என்று பார்க்க வேண்டும். சுதந்திரம் வந்த மறுவருடமே, 1967-ல், மண்ணுக்கடியில் இருக்கும் கனிமம் எந்த இனக்குழுவுக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குச் சொந்தம் என்று சட்டம் வந்தது. ஒராபா வைரச் சுரங்கம் காமாவின் சொந்த இனக்குழுவின் நிலத்தில்தான் இருக்கிறது. தன் ஆட்களுக்கு வரவேண்டியதை அவரே பொதுவில் வைத்தார். பிறகு ஜ்வானெங்கில் அதைவிட வளமான வைரம் கிடைத்தது. அது இன்னொரு இனக்குழுவின் நிலம். அதன் முன்னாள் தலைவரோ எதிர்க்கட்சியில் இருந்தார். சட்டம் முன்பே இருந்ததால் அந்த இடத்தில் சண்டைக்கு வழியே இல்லாமல் போயிற்று.

ஒராபாவில் முதலில் அரசுக்குக் கிடைத்த பங்கு வெறும் 15 சதவீதம். பேசிப் பேசி 1975-ல் அதை 50 ஆக்கினார்கள். சாம்பியாவில் அதிபர் கென்னத் கவுண்டா 1969-லேயே செம்புச் சுரங்கங்களில் 51 சதவீதத்தை எடுத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார். காகிதத்தில் பார்த்தால் சாம்பியாதான் முந்தியது, பங்கும் அதிகம். அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? சொத்தைக் கையில் எடுப்பது பாதி வேலைதான் என்று நினைக்கிறேன். அதை எண்ண, விலை பார்க்க, கணக்குக் கேட்க, தப்பு நடந்தால் தடுக்க அலுவலகங்கள் வேண்டும். அவை இல்லாத பொருளாதாரச் சுயநிர்ணயம் வெறும் மேடைப் பேச்சாகப் போய்விடுகிறது.

முத்துநகர்

நல்ல இழை. ஆனால் சாம்பியாவின் கதையில் ஒரு பெரிய துண்டை விட்டுவிட்டீர்கள். 1975-க்குப் பிறகு செம்பு விலை விழுந்தது. கடன் ஏறியது. 1990-களில் கடன் கொடுத்தவர்கள் நெருக்கியதால் சுரங்கங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். விற்கும்போது போட்ட ஒப்பந்தங்களில் ராயல்டி, அதாவது எடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் பங்கு, 0.6 சதவீதம்! அதுவும் 15, 20 வருடங்களுக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒப்பந்தம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கண்ணிலேயே படவில்லை. 2004-க்கு மேல் செம்பு விலை எகிறியபோது அந்த லாபத்தில் அரசுக்குச் சில்லறைதான் மிஞ்சியது.

அங்கே போய் வாங்கியவர்களில் ஒருவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் தாய் நிறுவனமான வேதாந்தா, கொங்கோலா செம்புச் சுரங்க நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை 2004-ல் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கிருந்து ஆண்டுக்கு ஐம்பது கோடி டாலர் வருவதாக அதன் தலைவர் பெங்களூருக் கூட்டமொன்றில் பேசிய காணொளி 2014-ல் வெளியாகி சாம்பியாவே கொந்தளித்தது.

சிங்கோலா என்ற ஊரில், சுரங்கக் கழிவு ஓடையிலும் காஃபுவே ஆற்றிலும் கலந்து பயிரும் குடிநீரும் பாழானதாக 1,826 கிராமத்தவர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். "சாம்பியாவில் நடந்ததற்குச் சாம்பியாவில்தான் வழக்காட வேண்டும்" என்றது நிறுவனம். 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழக்கை அங்கேயே நடத்தலாம் என்று சொல்லிவிட்டது. காரணத்தைக் கவனியுங்கள். சாம்பிய நீதிபதிகள் நேர்மையற்றவர்கள் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அந்த ஏழைகளால் வக்கீல் வைக்க முடியாது, ஜெயித்தால் கூலி வாங்கிக்கொள்கிறேன் என்று வக்கீல் வாதாடவும் அங்கே சட்டம் இடம் தரவில்லை, இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்கும் அனுபவமுள்ள வக்கீல் குழுக்களும் இல்லை. இதுதான் சொன்ன காரணம். 2021 ஜனவரியில் பொறுப்பை ஏற்காமலேயே நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

சொந்த நாட்டில் நீதிமன்றம் திறந்திருக்கிறது, நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், ஆனாலும் கேட்க வந்தவனால் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஆட்சி அமைப்புகளை வலுப்படுத்துவது என்றால் இந்த வாசலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். தூத்துக்குடியில் 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகுதான் ஆலையை நிரந்தரமாக மூட உத்தரவு வந்தது. அந்த மூடல் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரை நின்றது. நமக்கு வக்கீல்களாவது இருந்தார்கள்.

பழைய ஆடிட்டர்

நான் போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனில் கணக்குத் தணிக்கை வேலையில் பல வருடம் இருந்தவன், இப்போது ஓய்வு. கரிசல்காடு சொன்ன "எண்ணுவது" பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எல்லோரும் தாண்டிப் போய்விடும் இடம் அது.

கச்சா வைரத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. தங்கம், செம்பு மாதிரி காலையில் பத்திரிகையைப் பிரித்து இன்றைக்கு இவ்வளவு என்று பார்க்க முடியாது. ஒவ்வொரு கல்லையும் எடை, வடிவம், நிறம், உள்ளே இருக்கும் குறை என்று பிரித்துப் பிரித்து ஆயிரக்கணக்கான வகைகளில் போட்டு, வகைக்கு ஒரு விலை வைக்க வேண்டும். வாங்குபவனும் விற்பவனும் ஒரே குடும்பமாக இருந்தால், நல்ல கல்லை ஒரு வகை கீழே தள்ளிப் போட்டால் போதும், யாருக்கும் தெரியாமல் அரசின் பணம் போய்விடும். இதைப் போட்ஸ்வானா ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டது. நிறுவனம் பிரித்து விலை வைத்ததை அரசின் சார்பில் தனி மதிப்பீட்டாளர்கள் சரிபார்ப்பார்கள். சொந்த ஆட்களுக்கு அந்தத் திறமை வரும்வரை வெளிநாட்டு நிபுணர்களைச் சம்பளம் கொடுத்துத் தன் பக்கம் உட்கார வைத்தார்கள். கூடவே உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். 2013-ல் டி பியர்ஸ் தன் கச்சா வைரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கும் வேலையையும் விற்பனையையும் லண்டனிலிருந்து கபரோனுக்கே மாற்ற வேண்டி வந்தது. நாற்பது வருடத்துக்கும் மேல் விடாமல் பேசியதன் பலன் அது.

சாம்பியாவின் செம்புக்கோ லண்டன் உலோகச் சந்தையில் தினமும் விலை வெளியாகிறது. ஒளிக்க முடியாத விலை. ஆனாலும் ஒளித்தார்கள். மொபானி செம்புச் சுரங்கம் 2006 முதல் 2009 வரை தன் தாய் நிறுவனமான கிளென்கோரின் கிளைக்கே, வெளியாட்களுக்கு விற்றதைவிடக் குறைந்த விலையில் செம்பை விற்றது. லாபம் வெளிநாட்டில் போய் நின்றது, சாம்பியாவில் வரி குறைந்தது. சாம்பிய வரி ஆணையம் விடவில்லை. தீர்ப்பாயம், மேல்முறையீடு என்று போய், 2020 மே மாதம் சாம்பிய உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. வரி சாம்பிய நாணயத்தில் சுமார் 24 கோடி குவாச்சா, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.3 கோடி டாலர்.

தொகை சின்னதுதான். ஆனால் வரி அதிகாரி ஒருவர் கப்பல் பத்திரத்தையும் ஒப்பந்த விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "இந்த விலை பொய்" என்று எழுதி, பதினான்கு வருடத்துக்கு முந்தைய பேரத்தை நீதிமன்றத்தில் நிரூபித்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் ஒரு அலுவலகத்தில் இருபது பேர் இருந்தால் அந்த நாட்டுக்குச் சுரங்கத்தில் 51 சதவீதம் இருப்பதைவிட மேல். முத்துநகர் சொன்ன வாசல் பிரச்சினையை நான் ஏற்கிறேன். ஆனால் அதே சாம்பியாவில்தான் இதுவும் நடந்தது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தீக்கங்கு

மன்னிக்கவும், நீங்கள் எல்லோரும் தெற்கு ஆப்பிரிக்காவிலேயே நின்றுவிட்டீர்கள். சொந்தமாக நாணயமே இல்லாத நாட்டில் வரி ஆணையத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1945-ல் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக உருவாக்கிய சிஎஃப்ஏ பிராங்க் என்ற நாணயம் இன்றும் 14 நாடுகளில் புழங்குகிறது. ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய மத்திய வங்கி எடுக்கும் முடிவு புர்கினா ஃபாசோவின் பருத்தி விவசாயி தலையில் விடிகிறது. 1994 ஜனவரியில் ஒரே இரவில் இதன் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். மருந்து விலை, அரிசி விலை எல்லாம் எகிறியது. அந்நியச் செலாவணி இருப்பில் பாதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டும் என்ற விதி மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு 2019-ல் அறிவித்த சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் போனது. நோட்டு அச்சடிப்பதுகூடப் பிரான்சில்.

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் இதையெல்லாம் கேள்வி கேட்கின்றன. மாலி முதலில் தணிக்கை நடத்தி, 2023-ல் சுரங்கச் சட்டத்தையே மாற்றியது. நைஜர் 2025 ஜூனில் சோமாயிர் யுரேனியச் சுரங்கத்தை அரசுடைமையாக்கியது. இவர்களை ராணுவ ஆட்சி என்று ஒரு வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள், அதற்கு முன் தேர்தலில் வென்று வந்தவர்கள் இதை ஏன் செய்யவில்லை என்று சொல்லட்டும்.

மொம்பாசாவாசி

தீக்கங்கு கேட்பது நியாயமான கேள்வி. கோபமும் நியாயம்தான். "தேர்தலில் வந்தவர்கள் செய்யவில்லை" என்ற இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆட்சியில் இருந்தவர்கள் செய்யவில்லை, சரி. ஆனால் அவர்களைத் தட்டிக்கேட்கும் இடங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. ராணுவம் முதலில் மூடுவது அந்த இடங்களைத்தான். மாலியில் 2025 மே மாதம் அரசியல் கட்சிகளையே கலைத்துவிட்டார்கள். ஜூலையில் தேர்தல் இல்லாமலே ராணுவ ஆட்சித் தலைவர் அசிமி கொய்தாவுக்கு ஐந்து வருடப் பதவி, விரும்பினால் நீட்டிக்கவும் செய்யலாம். தங்கச் சுரங்கத்தில் கூடுதலாகக் கிடைக்கும் பணம் எங்கே போகிறது என்று தலைநகர் பமாகோவில் இன்று யார், எந்த அவையில் எழுந்து கேட்க முடியும்?

மலாவியைப் பாருங்கள். கடல் இல்லாத, பரம ஏழை நாடு. 2019 தேர்தலில் முடிவுத்தாள்களில் வெள்ளை மை தடவி எண்களைத் திருத்தியிருந்தார்கள். மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத அங்கி அணிந்து, ராணுவப் பாதுகாப்போடு நீதிமன்றத்துக்கு வந்து, மணிக்கணக்கில் தீர்ப்பைப் படித்துத் தேர்தலை ரத்து செய்தார்கள். ராணுவம் அங்கே ஆட்சியைப் பிடிக்காமல் நீதிபதிகளுக்குக் காவல் நின்றது. ஜூனில் மறுதேர்தல் நடந்து எதிர்க்கட்சி வேட்பாளர் ஜெயித்தார். அதற்கு முன்பு கென்யாவில் 2017 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலை ரத்து செய்தது, ஆப்பிரிக்காவில் அதுவே முதல் முறை. அன்று நான் இங்கேதான் இருந்தேன். பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றி செல்லாது என்று வானொலியில் கேட்டபோது கடைத்தெருவே நின்றுவிட்டது. தோற்றவர்களின் ஆட்கள் மட்டுமல்ல, ஜெயித்தவர்களின் ஆட்களிலும் பலர் "சட்டம் நமக்கும் இருக்கிறது" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். நீதிமன்றம் டாலர் சம்பாதித்துத் தராது. மலாவியில் அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் பெட்ரோல் வரிசை, உரத் தட்டுப்பாடு, அந்நியச் செலாவணிப் பஞ்சம் எல்லாம் இருந்தது. 2025-ல் மக்கள் பழைய அதிபரையே ஓட்டுப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கென்யாவிலும் மொம்பாசா நைரோபி ரயில் பாதைக்குச் சீனாவிடம் வாங்கிய கடனின் ஒப்பந்தங்கள் 2014-லிருந்து ரகசியம். ரயில் 2017-லேயே ஓட ஆரம்பித்தது. 2022 நவம்பரில்தான் அரசு ஒப்பந்தத்தில் சில பகுதிகளை வெளியிட்டது. தகராறு வந்தால் பெய்ஜிங்கில்தான் நடுவர் விசாரணை என்பது அப்போது அரசின் ஆவணத்திலேயே உறுதியானது. அந்த மாதிரிக் கடன்களின் வட்டிதான் 2024 ஜூனில் வரி மசோதாவாக வந்து, இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழையும் அளவுக்குப் போய், உயிர்கள் பலியான பிறகு அதிபர் அதைத் திரும்பப் பெற்றார். வரி போடும் நாளில் மட்டும் மக்களிடம் வருகிறார்கள். கடன் வாங்கும் நாளில் வருவதில்லை.

கரிசல்காடு

மொம்பாசாவாசியின் கடைசி வரிக்கு மொசாம்பிக்கைவிடப் பெரிய சாட்சி இல்லை. 2013, 2014-ல் சூரை மீன்பிடிப் படகுகள், கடலோரக் காவல் என்ற பெயரில் சுமார் 200 கோடி டாலர் கடன். அரசு உத்தரவாதத்தை நிதியமைச்சர் நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமலே கையெழுத்திட்டுக் கொடுத்தார். 2016-ல் குட்டு வெளியானதும் பன்னாட்டு நிதியம் (ஐஎம்எஃப்) உதவியை நிறுத்தியது, நாணயம் சரிந்தது, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் பணம் இல்லை. அந்த முன்னாள் அமைச்சர் 2024 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். இழந்த வருடங்கள் திரும்புமா?

தீக்கங்கு அவர்களே, சிஎஃப்ஏ பற்றிய உங்கள் விவரங்கள் அத்தனையும் சரி. அந்த ஏற்பாடு போகத்தான் வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் அதே நாணயம் புழங்கும் செனகலைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் அதிபர் மாக்கி சால் தேர்தலைத் தள்ளிவைத்தார். அரசியல் சாசன மன்றம் அது செல்லாது என்றது. மார்ச் 24 அன்று வாக்குப்பதிவு நடந்தது. பத்து நாள் முன்புவரை சிறையில் இருந்த பாசிரு ஜோமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். அப்புறம் 2025 பிப்ரவரியில் அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் அறிக்கை வெளியிட்டது: முந்தைய அரசு காட்டிய கணக்கு பொய், 2023 முடிவில் கடன் உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 100 சதவீதம். இதைச் சொன்னதால் நாட்டுக்கு உடனடிக் கஷ்டம்தான், பன்னாட்டு நிதியத்தின் பணமும் நின்றது. ஆனாலும் சொன்னார்கள். நாளைக்குச் செனகல் சொந்த நாணயம் வெளியிட்டால் அதை நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மறுபக்கம் கினி. 1958-லேயே, பிரான்ஸோடு சேர்ந்திருக்கலாம் என்ற பிரெஞ்சுத் தலைவர் டி கோலுக்கு "வேண்டாம்" என்று சொன்ன ஒரே நாடு, 1960 முதல் சொந்த நாணயம், உலகத்திலேயே மிகப் பெரிய பாக்சைட் இருப்பு. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. ஆனால் அதிபர் செக்கு தூரே நாட்டைத் தன் ஒரு கட்சிக்குள் அடைத்து, கேள்வி கேட்டவர்களைச் சிறையில் போட்டார். நாணயம் கைக்கு வந்தது, கணக்குக் கேட்கும் வாய் மூடியது.

தீக்கங்கு

செனகல் உதாரணம் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். தணிக்கை நீதிமன்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசை முக்கியம் என்கிறேன். கினி தடுமாறியதற்கு ஒரு கட்சி ஆட்சி மட்டும் காரணம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது கோப்பு, கருவி, மருந்து வரை எடுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தை நெரித்துவிட்டு "ஏன் மூச்சு வாங்குகிறாய்" என்று கேட்பது போல இருக்கிறது. போட்ஸ்வானாவை யாரும் அப்படி நெரிக்கவில்லை. அங்கே வைரம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. முன்பே தெரிந்திருந்தால் ஆங்கிலேயர் அவ்வளவு சுலபமாகப் போயிருப்பார்களா?

பழைய ஆடிட்டர்

போயிருக்க மாட்டார்கள். அதில் தீக்கங்கு சொல்வதே சரி. ஒராபாவில் வைரம் கிடைத்தது 1967-ல். அது போட்ஸ்வானாவின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைத் திறமையாக எழுதிவிடக் கூடாது.

வெள்ளாமை

எல்லோரும் போட்ஸ்வானாவுக்கு மாலை போடுகிறீர்கள். சில விஷயங்களைச் சொல்லாமல் போனால் இழை முழுமையாகாது.

ஒன்று, சான் பழங்குடி மக்கள். மத்திய கலகாரிப் பாலைநிலத்தில் காலம் காலமாக வாழ்ந்தவர்களை அரசு வெளியேற்றியது. 2006-ல் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் கேட்டது, நல்லதுதான். ஆனால் அதன் பிறகும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்காக அந்த மக்கள் மறுபடி நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. நாட்டுக்கே சொந்தம் என்ற கனிமத்தில் இவர்களுக்கு என்ன கிடைத்தது? வருமான ஏற்றத்தாழ்வில் உலகில் மோசமான நாடுகளில் ஒன்று போட்ஸ்வானா.

இன்னொன்று, ஒரே பொருளை நம்பியது. ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் வைரம். ஆய்வகத்தில் செய்யும் வைரம் வந்து சந்தையைச் சாய்த்ததும் 2024-ல் பொருளாதாரமே சுருங்கியது. வைரம் தீர்ந்துபோகும் நாளுக்காக 1994-ல் தொடங்கிய பூலா நிதியில் அரசின் சேமிப்பு பெருமளவு பற்றாக்குறையை அடைக்கவே கரைந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் அதிபர் போகோ மருத்துவ அவசரநிலை அறிவித்தார். காசநோய், புற்றுநோய் மருந்துகூடக் கையிருப்பில் இல்லை. கொள்முதல் முறையில் மருந்து விலை பல மடங்கு ஏறிப்போயிருந்தது என்று அவரே சொன்னார். வைரத்தின் விலையை அவ்வளவு கவனமாகச் சரிபார்த்த அரசு, மாத்திரையின் விலையைச் சரிபார்க்கவில்லை. விற்கும் இடத்தில் இருந்த கண் வாங்கும் இடத்தில் இல்லை. கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்துச்சீட்டோடு நிற்கிறவளுக்கு இந்த இரண்டாவது அலுவலகம்தான் அரசாங்கம்.

முத்துநகர்

வெள்ளாமை சொன்னது நெஞ்சில் தைக்கிறது. ஒன்று சேர்க்கிறேன். அதே போட்ஸ்வானாவில் 58 வருடம் ஆண்ட கட்சி 2024 அக்டோபர் தேர்தலில் தோற்றது. அதிபர் மசிசி முழு எண்ணிக்கை முடியும் முன்பே தோல்வியை ஏற்று விலகினார். மருந்து விஷயம் அரசின் வாயாலேயே வெளியே வந்தது அந்த ஆட்சி மாற்றத்தால்தான். பழைய ஆட்களே தொடர்ந்திருந்தால் அவ்வளவு வெளிப்படையாக வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆடிட்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கரிசல்காடு முதலில் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. டி பியர்ஸை போட்ஸ்வானா வாங்கலாமா, வேண்டாமா?

பழைய ஆடிட்டர்

என்னைக் கேட்டால், பெரும்பான்மைப் பங்கு வேண்டாம்.

அரசும் டி பியர்ஸும் பாதிப் பாதி வைத்திருக்கும் டெப்ஸ்வானா நிறுவனச் சுரங்கங்களின் லாபத்தில் வரி, ராயல்டி, ஈவுத்தொகை எல்லாம் சேர்த்துச் சுமார் 80 சதவீதம் ஏற்கெனவே அரசுக்கு வருகிறது. அது மண்ணுக்கடியில் இருக்கும் வைரத்திலிருந்து வரும் பணம். டி பியர்ஸை வாங்கினால் கிடைப்பது பிற நாட்டுச் சுரங்கங்களும், விற்பனை வலையும், விளம்பரப் பெயரும். அவற்றின் மதிப்பைத்தான் ஆய்வக வைரம் இப்போது தின்றுகொண்டிருக்கிறது. மருந்து வாங்கப் பணமில்லாத வருடத்தில், எந்தப் பொருளை அளவுக்கு மீறி நம்பிக் கஷ்டப்படுகிறோமோ அதே பொருளில் கடன் வாங்கி இன்னும் முதலீடு செய்வது சரியில்லை. 1987-லும் ஒருமுறை டி பியர்ஸில் பங்கு வாங்கினார்கள். ஆனால் அன்று காசு கொடுக்கவில்லை, சேர்ந்து கிடந்த வைர இருப்பைக் கொடுத்து ஐந்து சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கையும் இயக்குநர் குழுவில் இரண்டு இடத்தையும் வாங்கினார்கள். அது நல்ல பேரம்.

2025 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தை முழுமையாகப் பயன்படுத்தினாலே போதும். டெப்ஸ்வானா உற்பத்தியில் 30 சதவீதத்தை அரசின் ஒகவாங்கோ வைர நிறுவனம் தானே விற்கலாம், அது படிப்படியாகக் கூடும். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தானே விற்கும்போதுதான் உண்மையான சந்தை விலை தெரியும். அந்த விலையை வைத்து மீதி 70 சதவீதத்துக்கு டி பியர்ஸ் தரும் விலை சரியா என்று பார்க்கலாம்.

கரிசல்காடு

ஐயா, பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். டி பியர்ஸ் முழுவதும் இன்னொரு பெரிய வியாபாரி கைக்குப் போய், அவன் போட்ஸ்வானாவின் உற்பத்தியைக் குறைத்து வேறு நாட்டுச் சுரங்கத்தைக் கூட்டினால் என்ன செய்வது? சுரங்க உரிமம் 2054 வரை கொடுத்தாகிவிட்டது. அதனால் பெரும்பான்மை இல்லாவிட்டாலும், இப்படிப்பட்ட முடிவுகளைத் தடுக்கும் அளவுக்காவது பங்கு வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கோலாவும் வாங்க ஆர்வம் காட்டுகிறது. இரண்டு நாடுகளும் ஒன்றோடொன்று ஏலத்தில் போட்டி போடாமல் சேர்ந்து உட்கார்ந்தால், விலையும் குறையும், வெளியாள் புகுவதும் கஷ்டம்.

பழைய ஆடிட்டர்

தடுக்கும் அளவுக்குப் பங்கு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கோலாவோடு சேர்வதும் நல்ல யோசனைதான். ஆனால் எத்தனை சதவீதமானாலும், நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையும் கடனின் நிபந்தனைகளும் கையெழுத்துக்கு முன்பு கபரோன் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும். மொசாம்பிக்கில் வராததும் அதுதான், சாம்பியாவின் 0.6 சதவீத ஒப்பந்தத்தில் வராததும் அதுதான். இதைச் செய்ய வேண்டிய இடத்தில் இப்போது போகோ இருக்கிறார்.